ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி பரிசோதனை: சென்னையில் நான் பட்ட பாடும் நீங்கள் செய்ய வேண்டியதும்

அப்பாவுக்கு 2011-இல் காசநோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் அவர் நெஞ்சைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. போன வருஷம் ஒரு காலையில் பல் தேய்த்துவிட்டு வந்தவர், "ஏம்மா, இதைப் பாரு" என்று எவர்சில்வர் டம்ளரை நீட்டினார். அடியில் சளி, அதன் நடுவே செங்காவி நிறத்தில் ஒரு இழை.

சளிப் பரிசோதனை மூன்று தடவை எடுத்தோம். மூன்றிலும் டி.பி. கிருமி இல்லை. இருந்தாலும் பழைய டி.பி.தான் திரும்பியிருக்கும் என்று மறுபடி மாத்திரை ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தார்; இருமல் மட்டும் குறையவில்லை. கடைசியில் ஒரு நெஞ்சக மருத்துவர் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பூஞ்சையா இருக்கலாம். ஒரு ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார்.

அந்த ஒரு டெஸ்ட்டின் சரியான ரிப்போர்ட் கைக்கு வர எனக்கு ஏழு வாரம் ஆனது. பத்து நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. நான் பாரிமுனையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். பில் படிப்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்ட நானே ஒரு பில்லில் ஒரே ஒரு எழுத்தைக் கவனிக்காமல் விட்டேன். அந்தக் கதை இரண்டாவது தலைப்பில் வருகிறது. நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். காகிதம், காசு, நாள் கணக்கு ஆகியவை மட்டும் என் பொறுப்பு.

ஒரு விஷயம் எல்லாவற்றுக்கும் முன்னால். இருமலில் ரத்தம் கோடு போல வராமல் குவளை குவளையாக வந்தால், அல்லது மூச்சு வாங்கினால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். ஆன்டிபாடி டெஸ்ட் அவசர சிகிச்சைக்கு உதவாது.

1. இந்த டெஸ்ட் உங்களுக்குத்தானா என்று முதலில் பாருங்கள்

ஆஸ்பெர்ஜில்லஸ் என்பது காற்றில் எங்கும் மிதக்கும் ஒரு பூஞ்சை. தானிய மூட்டை, ஈரச் சுவர், மக்கிய இலை, தூசு படிந்த ஏ.சி. என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. மழைக்கால முடிவில் நம் வீட்டு பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூத்திருக்கும் பாருங்கள், அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். தினமும் எல்லோரும் அதை மூச்சோடு இழுக்கிறோம். நல்ல நுரையீரல் அதை வெளியே தள்ளிவிடும். டி.பி. ஆறிய இடத்தில் ஓட்டை மாதிரி ஒரு குழி இருந்தால், பூஞ்சை அதில் குடியேறி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்லத் தின்னும். சில பேருக்குக் குழிக்குள் உருண்டையாகவே திரண்டுவிடும். அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து மறுபடி ஸ்கேன் எடுத்தபோது அந்த உருண்டை இடம் மாறியிருந்தது. டாக்டர் அதைத் திரையில் காட்டினார்.

இப்படி உள்ளே தங்கிவிட்ட பூஞ்சையை எதிர்த்து உடம்பு ஐஜிஜி என்ற ஆன்டிபாடியை உண்டாக்குகிறது. அதை ரத்தத்தில் அளப்பதுதான் இந்தப் பரிசோதனை. நாள்பட்ட நுரையீரல் ஆஸ்பெர்ஜில்லஸ் நோய் இருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இது கூடுதலாகக் காட்டும் என்கிறார்கள். சளியில் பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பல பேருக்குப் பொய்த்துவிடுகிறது. அதனால்தான் டாக்டர்கள் இதை நம்புகிறார்கள்.

யாருக்குப் பொருந்தும்? பழைய டி.பி. அல்லது வேறு நுரையீரல் நோய் இருந்து, மூன்று மாதத்துக்கு மேல் இருமல், எடை குறைவு, ரத்தச் சளி, அசதி இருப்பவர்களுக்கு. படத்தில் குழி தெரிந்தும் சளியில் டி.பி. கிருமி வராதவர்களுக்கு முக்கியமாக.

யாருக்குப் பொருந்தாது என்பதும் முக்கியம், ஏனென்றால் "பூஞ்சைக்கு ரத்த டெஸ்ட்" என்று ஒன்றே ஒன்று இருப்பதாகப் பல பேர் நினைக்கிறார்கள்:

- படர்தாமரைக்கு ரத்த டெஸ்ட் எதுவும் வேண்டாம். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.
- 2021-இல் எல்லோரையும் பயமுறுத்திய கரும்பூஞ்சை வேறு வகை. அதற்கு ஆன்டிபாடி டெஸ்ட் கிடையாது. சதைத் துணுக்கு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் அத்தை இன்றுவரை அப்பாவுக்குக் கரும்பூஞ்சை என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.
- ரத்தப் புற்றுநோய், உறுப்பு மாற்று, கீமோ என்று எதிர்ப்புச் சக்தி அடிபட்டவர்களுக்கு ஆன்டிபாடியே சுரக்காமல் போகலாம். டெஸ்ட் "இல்லை" என்று காட்டும், நோய் இருக்கும். அவர்களுக்குப் பூஞ்சையின் சுவரிலிருந்து வரும் கேலக்டோமேனன் என்ற பொருளைத் தேடுவார்கள். அது ஆன்டிபாடி இல்லை, வேறு டெஸ்ட்.
- ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இதே பூஞ்சை ஒவ்வாமையாக வரும். அங்கே முதலில் பார்ப்பது ஐஜிஇ என்ற வேறு ஆன்டிபாடி.

அந்தக் கடைசி வரியில்தான் நான் மாட்டினேன்.

2. சீட்டில் உள்ள பெயரையும் பில்லில் உள்ள பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்

டாக்டர் எழுதித் தந்தது "ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி". கையெழுத்து டாக்டர் கையெழுத்து. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் "ஆஸ்பெர்" என்று தட்டியதும் ஒரு பட்டியல் விழுந்தது. மேலே இருந்ததைச் சொடுக்கினார். "அக்கா, இது இருக்கு, 1,450." பரவாயில்லை, மலிவாக இருக்கிறது என்று நினைத்தேன். ஜி-பே செய்தேன். ஐந்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது, "இல்லை" என்று.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். "இது ஐஜிஇ-மா."

மூன்றே எழுத்து, அதில் கடைசி எழுத்து மட்டும் வேறு. ஐஜிஇ ஒவ்வாமைக்கான ஆன்டிபாடி. ஐஜிஜி உள்ளே வேரூன்றிய நோய்க்கானது. பெயர் ஒன்று போல, கேள்வி வேறு. ஐஜிஇ "இல்லை" என்று வந்ததை வைத்து அப்பாவுக்குப் பூஞ்சை இல்லை என்று சொல்லவே முடியாது. அந்த நிலையத்தில் ஐஜிஜி கிடையாது என்பதே பிறகு கேட்டபோதுதான் தெரிந்தது. பணத்தைத் திருப்பித் தரவில்லை. பில்லில் சரியாகத்தான் ஐஜிஇ என்று போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை என்றார்கள். உண்மைதான். ஆனால் சீட்டை வாங்கிப் பார்த்தது அவர்கள்.

அதனால் டாக்டரிடமிருந்து கிளம்பும் முன் இதைச் செய்யுங்கள். டெஸ்ட் பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி உங்கள் போனில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்: "ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ், ஐஜிஜி, அளவோடு." ஃபுமிகேட்டஸ் என்பது இந்தப் பூஞ்சையின் ஒரு இனம். அளவோடு என்பதை விடாதீர்கள். சில இடங்களில் வெறும் "உண்டு, இல்லை" மட்டும் தருவார்கள். பின்னால் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க எண் வேண்டும்.

இன்னொரு அடையாளம்: இம்யூனோகேப் என்ற முறையில் செய்யும் நிலையங்கள் டெஸ்ட்டுக்கு ஒரு குறியீடு போடும். எம்3 என்றால் ஐஜிஇ. ஜிஎம்3 என்றால் ஐஜிஜி. பில்லில் எம்3 மட்டும் தெரிந்தால் பணம் கட்டுவதற்கு முன் நிறுத்திக் கேளுங்கள்.

ஆஸ்துமாக்காரர்களுக்கு மூன்று டெஸ்ட் தேவைப்படும்: மொத்த ஐஜிஇ, ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஇ, ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி. 2024-இல் வந்த சர்வதேச வழிகாட்டலில் ஒவ்வாமை வகைக்கு மொத்த ஐஜிஇ 500-ம், ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஇ 0.35-ம் எல்லையாக வைத்திருக்கிறார்கள். முன்பு மொத்த ஐஜிஇ எல்லை 1,000. பழைய கணக்கை வைத்து "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

3. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள். பட்டன் வைத்தது, மழை வந்தால் தெரியும் அருமை. அதில்:

- டாக்டர் சீட்டு, அசல். ஜெராக்ஸ் இரண்டு.
- நோயாளியின் ஆதார் நகல்.
- பழைய டி.பி. சிகிச்சை அட்டை. எந்த வருஷம், எந்த மருந்து, எத்தனை மாதம் என்பது அதில்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அது ரேஷன் கார்டு உறைக்குள் மடிந்து கிடந்தது.
- பழைய எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் படங்கள். எழுத்து ரிப்போர்ட் மட்டும் போதாது, படமே வேண்டும். பழைய குழி பெரிதாகியிருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா என்று ஒப்பிட்டுத்தான் டாக்டர் பூஞ்சையைச் சந்தேகிக்கிறார்.
- சளிப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் எல்லாம், "இல்லை" என்று வந்ததும் சேர்த்து. முக்கியமாக அவைதான்.
- இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். டி.பி. மாத்திரை, ஸ்டீராய்டு இரண்டையும் கண்டிப்பாக எழுதுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் எழுதுங்கள், யாரும் அடிக்கப் போவதில்லை.

படங்களை அந்தக் கறுப்பு ஃபிலிமாக மட்டும் வாங்காமல் கம்ப்யூட்டர் குறுந்தகட்டிலும் கேளுங்கள். ஸ்கேன் எடுத்த அன்றே கேட்டால் சும்மா தருவார்கள். மாதம் கழித்துப் போனால் "சிஸ்டத்தில் அழிஞ்சுபோச்சு" என்பார்கள்.

4. எங்கே கொடுப்பது

இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். டாக்டர் பார்ப்பதும் ஸ்கேனும் ஒன்று. ஐஜிஜி ரத்த டெஸ்ட் இன்னொன்று. இரண்டும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் என்று அலையாதீர்கள்.

நெஞ்சக மருத்துவருக்கு அரசுப் பக்கம் போவதென்றால் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி, ஓட்டேரியில் உள்ள நெஞ்சக மருத்துவமனை, தெற்கே தாம்பரம் சானடோரியம். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போடுங்கள், பத்து மணிக்குப் போனால் அன்றைய நாள் போச்சு. அங்கே ஐஜிஜி இல்லையென்றால் வெளியே எடுத்து வரச் சொல்வார்கள். எடுத்து வந்த ரிப்போர்ட்டை அவர்களிடமே காட்டலாம், அதில் ஒரு தப்பும் இல்லை.

வெளியே கொடுக்கும்போது நீங்கள் பார்க்கும் பெயர்ப்பலகை வெறும் ரத்தம் எடுக்கும் இடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஊசி போடுவது நம் தெருவில், டெஸ்ட் நடப்பது வேறு ஊரில் உள்ள தலைமை ஆய்வகத்தில். அதில் தவறில்லை, நாள்தான் கூடும். அதனால் நேரே போய் நிற்காமல் போனில் நான்கு கேள்வி கேளுங்கள்:

"ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி, ஐஜிஇ இல்லை, இருக்கிறதா?"
"எந்த முறையில் செய்கிறீர்கள்? எண் வருமா?"
"வாரத்தில் எந்த நாளில் அந்த டெஸ்ட் ஓடும்?"
"சாம்பிள் சென்னையிலேயே பார்ப்பீர்களா, அனுப்புவீர்களா?"

மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் "மேடம், நாலஞ்சு நாள்ல வந்துடும்" என்றுதான் பதில் வரும். விடாதீர்கள். இந்த மாதிரி அபூர்வ டெஸ்ட்டுகளை தினமும் ஓட்டமாட்டார்கள். போதிய சாம்பிள் சேர்ந்ததும், குறிப்பிட்ட கிழமையில் ஓட்டுவார்கள். அந்தக் கிழமைக்கு முந்தின நாள் உங்கள் ரத்தம் போய்ச் சேர்ந்தால் லாபம். மறுநாள் போனால் ஒரு வாரம் குளிர்ப்பெட்டியில் தூங்கும். இரண்டாம் தடவை நான் பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்தேன். கூரியர் கிடையாது, ஆய்வகம் விடுமுறை. அந்த ரிப்போர்ட் பதினாறு நாள் கழித்து வந்தது. திங்கள் அல்லது செவ்வாய் காலை கொடுப்பதுதான் நல்லது என்பது என் அனுபவம்.

முறைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. இம்யூனோகேப், எலைசா இரண்டும் எண் தரும். ஜெல்லில் கோடு விழுகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் உண்டு, நாள் பிடிக்கும். கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரி ஒன்றும் வந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் கோடு தெரியும், ஆனால் எண் கிடைக்காது.

5. செலவு

என் கைக்காசுக் கணக்கை அப்படியே தருகிறேன். உங்களுக்கு நூறு இருநூறு முன்னே பின்னே ஆகலாம்.

தப்பாக எடுத்த ஐஜிஇ: 1,450. சரியான ஐஜிஜி: 3,400. இன்னொரு இடத்தில் அதே டெஸ்ட்டுக்கு 4,100 சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்க 150. தனியாரில் முதலில் எடுத்த நெஞ்சு சி.டி.: 4,500. அரசு மருத்துவமனையில் இரண்டாவதாக எடுத்த சி.டி.: 500. ஆம், ஐந்நூறு. முதலிலேயே தெரிந்திருந்தால்!

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஓ.பி. சீட்டு போடும்போதே காட்டிவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு அந்த அட்டை கிடைக்கும். வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிய வேண்டும். வெளியே எடுக்கும் ஐஜிஜிக்கு அது உதவாது. ஆனால் நோய் உறுதியாகி ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தால் உதவும். வருமானச் சான்று வர நாள் ஆகும் என்பதால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே அதை ஆரம்பித்துவிடுங்கள்.

தனியார் மெடிக்ளெய்ம் வைத்திருப்பவர்கள்: வெறும் ரத்த டெஸ்ட்டுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் வராது. அதே நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், சேருவதற்கு முந்தைய சில வாரச் செலவையும் கேட்கலாம். எத்தனை நாள் என்பது பாலிசியில் இருக்கும். கேட்க வேண்டுமானால் சீட்டு, பில், ரிப்போர்ட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இன்ஷியல் முன்னால் பின்னால் மாறியிருந்தாலும் கேள்வி வரும்.

கணக்கு எழுதுபவர் என்ற முறையில் ஒரு உபரித் தகவல். பெற்றோருக்கு அறுபது வயது தாண்டியிருந்து, அவர்கள் பேரில் மருத்துவக் காப்பீடு இல்லையென்றால், பழைய வரி முறையில் இருப்பவர்கள் அவர்களுக்குச் செய்த மருத்துவச் செலவை வருமான வரிக் கழிவாக 50,000 ரூபாய் வரை காட்டலாம். ரொக்கமாகக் கட்டியது செல்லாது. யு.பி.ஐ.யிலோ கார்டிலோ கட்டுங்கள்.

6. ரத்தம் கொடுக்கும் நாள்

வெறும் வயிறு வேண்டாம். இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். "ஃபாஸ்டிங்கா சார்?" என்று பழக்கத்தில் கேட்பார்கள், சர்க்கரை, கொழுப்பு டெஸ்ட்டும் சேர்த்து எடுத்தால் மட்டும் பட்டினி.

மஞ்சள் மூடி அல்லது சிவப்பு மூடிக் குழாயில் ஐந்து மில்லி அளவு எடுப்பார்கள். ஊதா மூடிக் குழாய் மட்டும் எடுத்தால் நிறுத்திக் கேளுங்கள், அது ரத்த அணு எண்ணுவதற்கானது. குழாயில் பெயர் எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பையன் பால்பாயின்ட் பேனாவால் எழுதியது வியர்த்த கையில் அழிந்து, அப்பா பெயரில் பாதிதான் மிச்சம் இருந்தது. நான் சொன்னதும் சிரித்துக்கொண்டே ஸ்டிக்கர் ஒட்டினான். முதலிலேயே ஒட்டியிருக்கலாம்.

வீட்டில் எடுத்தால், எடுத்த குழாய் எத்தனை மணிக்கு நிலையத்துக்குப் போகும் என்று கேளுங்கள். சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் மத்தியானம் வரை சுற்றும் ரத்தத்தை நான் நம்பமாட்டேன். ஐஸ் பை இருக்கிறதா என்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரத்தம் கொடுத்த அன்றே சளியையும் பூஞ்சை கல்ச்சருக்கும் டி.பி. கல்ச்சருக்கும் கொடுத்துவிடுங்கள், டாக்டர் எழுதியிருந்தால். டி.பி. கல்ச்சர் "இல்லை" என்று உறுதியாக ஆறு வாரம் வரை ஆகும். அதைத் தள்ளிப்போட்டதால்தான் எங்களுக்கு முடிவு இன்னும் தாமதமானது.

7. ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் பாருங்கள்: பெயர், வயது, ஐஜிஜி, ஃபுமிகேட்டஸ். அப்புறம்தான் எண்.

இம்யூனோகேப் ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவு இருக்கும். எலைசாவில் வேறு அலகு இருக்கும். இரண்டையும் ஒப்பிடக் கூடாது. படியையும் கிலோவையும் ஒப்பிடுவது போலாகும். எல்லைக் கோடும் இடத்துக்கு இடம் மாறும். இம்யூனோகேப்புக்குப் பிரிட்டனில் 40 என்று வைத்திருந்தார்கள், பிறகு 20 போதும் என்று ஒரு ஆராய்ச்சி சொன்னது. சண்டிகர் மருத்துவர்கள் நம் நாட்டு நோயாளிகளை வைத்து 27 என்று கணக்கிட்டார்கள். அப்பாவுக்கு 68 வந்தது, எந்தக் கோட்டை வைத்தாலும் மேலே. உங்களுக்கு 30 என்று வந்தால்? ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்த எல்லை 40 என்பதால் "இல்லை" என்று போட்டிருக்கும். டாக்டரிடம் எண்ணைச் சொல்லுங்கள், அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்லாதீர்கள்.

எண் கூடுதலாக இருந்தாலே நோய் என்றும் இல்லை. தானியக் கிடங்கு, கோழிப் பண்ணை போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு நோயில்லாமலேயே கூடியிருக்கலாம். மூன்று மாத அறிகுறி, ஸ்கேனில் மாற்றம், ஐஜிஜி ஆகிய மூன்றும் சேர்ந்து, டி.பி. போன்ற மற்றவை இல்லை என்றும் ஆனால்தான் டாக்டர் நோய் என்று எழுதுவார்.

எண் குறைவாக வந்து, ஸ்கேன் மட்டும் பூஞ்சை என்று கத்தினால்? நம் ஊரில் ஃபுமிகேட்டஸ் தவிர ஃபிளேவஸ் என்ற அதன் உடன்பிறப்பும் அதிகம். ஃபுமிகேட்டஸ் டெஸ்ட் அதைத் தவறவிடலாம். "ஃபிளேவஸுக்கும் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். மூச்சுக்குழாயில் குழாய் விட்டு நீர் எடுத்துப் பார்க்கவும் சொல்லலாம்.

ரிப்போர்ட்டை கூகுளில் தட்டாதீர்கள். நான் தட்டினேன். அன்று ராத்திரி தூங்கவில்லை.

8. உறுதியானால் அடுத்த வாரம் செய்ய வேண்டியவை

டி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதில் உள்ள ரிஃபாம்பிசின், பூஞ்சைக்குத் தரும் இட்ராகோனசோலை உடம்பிலிருந்து துரத்திவிடும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் பூஞ்சை மருந்துக்குச் செலவழித்த காசு சாக்கடையில்தான். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் அதன் பிடி விலக இரண்டு வாரம் ஆகும். நீங்களாக நிறுத்த வேண்டாம். கல்ச்சரைப் பார்த்து டாக்டர் நிறுத்துவார். அப்பாவுக்கு அப்படித்தான் நிறுத்தினார்கள்.

இட்ராகோனசோல் குறைந்தது ஆறு மாதம். கேப்சூல் என்றால் சாப்பாட்டோடு. வயிற்று எரிச்சல் மாத்திரையோடு சேர்த்தால் உடம்பில் ஏறாது. அப்பா இருபது வருஷமாகக் காலையில் அந்த எரிச்சல் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் காபியே குடிப்பார். அது மருந்து என்றே அவருக்குத் தோன்றாததால் மருந்துப் பட்டியலில் எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் மருந்தின் அளவு பார்த்தபோது குறைவாக இருந்தது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஈரல் டெஸ்ட்டும் இடையிடையே உண்டு. கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

மறுபடி ஐஜிஜி எப்போது? அடுத்த மாதமே எடுக்காதீர்கள், வீண் செலவு. ஆன்டிபாடி மெதுவாகத்தான் இறங்கும். மூன்று முதல் ஆறு மாதம் கழித்து, அதே ஆய்வகத்தில், அதே முறையில் எடுங்கள். ஆய்வகத்தை மாற்றினால் ஏறியதா இறங்கியதா என்றே தெரியாது. அதற்காகவே முதல் பில்லின் படத்தை போனில் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறேன்: நிலையத்தின் பெயர், முறை, குறியீடு, தேதி. ஜிஎம்3 என்று தெளிவாகத் தெரிகிற மாதிரி.